சீனாவில் நண்பரோடு பத்து நாள்: ஆறு ஊர் வேண்டாம், மூன்று போதும்

நீங்கள் கேட்டது இது. கல்லூரித் தோழரோடு அக்டோபரில் பத்து நாள் சீனா போகிறீர்கள். அவருக்குச் சரித்திரத்தில் ஆர்வம் அதிகம், சுத்த சைவம். உங்களுக்கு நடக்கவும் படம் எடுக்கவும் பிடிக்கும், சாப்பாட்டில் எதுவும் விலக்கில்லை. இருவருக்கும் சீன மொழி தெரியாது. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் பெய்ஜிங், சியான், ஷாங்காய், ஹாங்சோ, குய்லின், குவாங்சோ என்று ஆறு ஊர் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது சரிப்படுமா?

சரிப்படாது. பத்து நாளில் ஆறு ஊர் என்றால் பாதிப் பொழுது ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் கழியும். சீன ரயில் வேகமானதுதான். ஆனால் பல நிலையங்கள் ஊருக்கு வெளியே, விமான நிலைய அளவில் இருக்கும். பெட்டி கட்டுவது, சோதனை வரிசை, காத்திருப்பு, புது ஊரில் அறை தேடிப் போவது எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு ஊர் மாற்றமும் முக்கால் நாளைத் தின்றுவிடும். அதுவும் ரசனை வேறுபட்ட இரண்டு பேர் சேர்ந்து போகும்போது இந்த ஓட்டம் நட்புக்கே ஆகாது. கல்வெட்டின் முன்னால் அரை மணி நேரம் நிற்க ஆசைப்படுபவருக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். படம் எடுக்க மாலை வெளிச்சத்துக்குக் காத்திருப்பவரைப் பேருந்து கூப்பிட்டுவிடும். இரண்டு பேருக்கும் மனக்குறைதான் மிஞ்சும்.

என் யோசனை: பெய்ஜிங்குக்கு நான்கு நாள், சியானுக்கு மூன்று நாள், மிச்சத்தைச் சுவான்சோவுக்குக் கொடுங்கள். முதல் இரண்டும் உங்கள் திட்டத்திலேயே இருப்பவை. மூன்றாவது ஊரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் ஒரு தமிழர் சீனா போய்விட்டு அந்த ஊரைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு மனசே ஒப்பாது. ஷாங்காய் பெரிய, பளபளப்பான, வசதியான நகரம். கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பார்த்தவருக்கு அது அவ்வளவு புதிதாகத் தெரியாது.

முதலில் தேதி. அக்டோபர் 1 முதல் சீனாவில் தேசிய தின விடுமுறை, ஏறக்குறைய ஒரு வாரம். அந்த வாரம் நாடே கிளம்பிச் சுற்றுலா வரும். ரயில் டிக்கெட் கிடைக்காது, அறை வாடகை ஏறும், பெருஞ்சுவரில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். 10ஆம் தேதிக்கு மேல் போய் இறங்குங்கள். பெய்ஜிங்கில் அப்போது வானம் தெளிவாக இருக்கும், காலையில் மெல்லிய குளிர், நடக்க அருமையான பருவம்.

பெய்ஜிங்கில் அரண்மனை நகரத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். 1406இல் தொடங்கி 1420இல் கட்டி முடித்தது. மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் இருந்த இடம். வாசலில் போய் டிக்கெட் வாங்க முடியாது. பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், ஏழு நாள் முன்னால் பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கும். நம் நேரப்படி மாலை ஐந்தரை. திங்கட்கிழமை விடுமுறை. தெற்கு வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். நுழைந்ததும் கூட்டம் முழுக்க நடு அச்சில் நேராக வடக்கே நகரும். அவர்களோடு போய்ப் பெரிய மண்டபங்களைப் பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கம் திரும்பிவிடுங்கள். புதையல் கூடத்துக்குத் தனியாக 10 யுவான். அங்கே ஒன்பது டிராகன்கள் புடைத்து நிற்கும் மெருகோட்டுச் சுவர் ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் முதிய பேரரசர் சியான்லோங் ஓய்வு வாழ்க்கைக்கென்று கட்டிய முற்றங்கள். கூட்டம் அங்கே நன்றாகக் குறைந்துவிடும், உங்கள் நண்பர் ஆற அமரப் பார்க்கலாம். வடக்கு வாசலில் வெளியே வந்ததும் எதிரே ஜிங்ஷான் குன்று. மாலை நாலரை மணிக்கு மேலே ஏறினால் மொத்த அரண்மனையின் மஞ்சள் ஓட்டுக் கூரைகளும் காலடியில் விரியும். அந்த வெளிச்சம் உங்களுக்கு.

பெருஞ்சுவருக்குப் பாதாலிங் வேண்டாம். அதிவேக ரயில் அங்கே வரை போகிறது என்பதால் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் வடகிழக்கில் இருக்கும் முதியான்யூ போங்கள். நண்பர்கள் இரண்டு பேர் வெவ்வேறு வேகத்தில் நடப்பவர்கள் என்றால் அந்த இடம் தோதானது. கேபிள் கார் 14ஆம் காவல் கோபுரத்தில் கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து மேற்கே 20ஆம் கோபுரம் வரை படிகள் செங்குத்தாக ஏறும். கடைசிப் படிகளில் கையையும் ஊன்ற வேண்டிவரும், ஆனால் மேலிருந்து திரும்பிப் பார்த்தால் மலை முகடு நெடுக வளைந்து போகும் சுவர் முழுதாகத் தெரியும். அது உங்கள் வழி. நண்பருக்கு முழங்கால் ஒத்துழைக்காது என்றால் அவர் மறுபக்கம் 6ஆம் கோபுரம் நோக்கி நடக்கலாம். அது பெரும்பாலும் இறக்கம். அங்கே கீழே இறங்கச் சறுக்கு வண்டியும் உண்டு. சந்திக்கும் நேரத்தை மட்டும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிச்சமுள்ள இரண்டு நாளில் ஒரு காலையைச் சொர்க்கக் கோயில் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். அதுவும் ஏழு மணிக்கே. ஓய்வுபெற்ற பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகப் பாடுவார்கள், ஜோடி போட்டு ஆடுவார்கள், இறகுப் பந்தைக் காலால் தட்டி விளையாடுவார்கள். நடுவில் நிற்கும் வட்ட மண்டபம் முழுக்க மரம், ஆணியே அடிக்காமல் பொருத்தியது. இந்த ஒரு காலையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தியானன்மென் சதுக்கம், வாங்ஃபுஜிங் கடைத்தெரு பக்கம் நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் வந்து, "தேநீர் குடிக்கலாம் வாருங்கள், ஆங்கிலம் பழக ஆசை" என்பார்கள். போனால் சின்னக் கோப்பைத் தேநீருக்கு ஆயிரக்கணக்கில் யுவான் ரசீது வரும். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மற்றபடி இரவு பதினொரு மணிக்கும் தெருவில் பயமில்லாமல் நடக்கலாம்.

பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு அதிவேக ரயிலில் போங்கள், வண்டியைப் பொறுத்து நாலரை முதல் ஆறு மணி நேரம். டிக்கெட் என்று காகிதம் எதுவும் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். இரண்டாம் வகுப்பில் ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று இருக்கைகள். மறுபக்கம் டி, எஃப் என்று இரண்டு. இரண்டு பேர் போகிறீர்கள், டி-எஃப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மூன்றாம் ஆளைத் தாண்டி எழுந்து போக வேண்டியதில்லை. பெட்டிக்குப் பெட்டி கொதிநீர்க் குழாய் இருக்கும். நம்மூர் காபித்தூள் பொட்டலம், உடனடி உப்புமா எல்லாம் அங்கே கைகொடுக்கும். வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே நடைமேடைக் கதவை மூடிவிடுவார்கள், ஓடி ஏறும் பழக்கம் அங்கே செல்லாது.

சியானில் களிமண் படையைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தது. முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த ஆயிரக்கணக்கான வீரர்கள். எல்லாரும் முதல் குழியின் முன்வரிசையில் கல்யாணப் பந்திக்கு முண்டுவது போல முண்டிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு அந்தக் கூடத்தின் பின்பகுதிக்குப் போங்கள். அங்கே உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டிக்கொண்டிருக்கும் வீரர்கள் நிற்பார்கள். சிலருக்குத் தலை இல்லை, சிலருக்கு மார்பு வரை மட்டும். படை எந்த நிலையில் மண்ணுக்குள் கிடந்தது, ஒவ்வொரு உருவத்துக்கும் எவ்வளவு உழைப்பு போகிறது என்பது அங்கேதான் புரியும். இரண்டாம் குழியில் மண்டியிட்ட வில்வீரன் ஒருவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாகப் போய்க் குனிந்து அவன் செருப்பின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தையல் புள்ளிகள் வரிசை வரிசையாக, முன்னங்காலிலும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் தளர்வாகச் செதுக்கியிருக்கும். மண்ணுக்குள் புதையப் போகும் உருவத்தின் செருப்புத் தையலில்கூட ஒரு தொழிலாளி கணக்காக இருந்திருக்கிறான். எனக்கு அந்தப் படை முழுவதையும்விட அந்தச் செருப்புதான் பெரிதாகப் பட்டது.

சியான் நகர மதில் மேலே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். முழுச் சுற்று 13.7 கிலோமீட்டர், நிதானமாக மிதித்தால் இரண்டு மணி நேரம். இரண்டு பேர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளும் உண்டு. வெயில் தாழ்ந்த பிறகு ஏறுங்கள்.

உங்கள் நண்பருக்காக இன்னொன்று: பெரிய காட்டு வாத்துக் கோபுரம். 652இல், சுவான்சாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பௌத்த நூல்களைப் பாதுகாக்க எழுப்பியது. பள்ளிப் பாடத்தில் யுவான் சுவாங் என்று படித்தோமே, அவர்தான். காஞ்சிபுரம் வரை வந்து, அந்த ஊரைப் பற்றி எழுதிவைத்தவர். சியான் அப்போது சாங்கான், அவர் கிளம்பியதும் 645இல் திரும்பிவந்து சேர்ந்ததும் அந்த ஊருக்குத்தான். இந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சுவான்சோவில் மறுபடி வருவார்.

சாப்பாடு. நண்பருக்குக் கஷ்டம்தான், ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால், காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் கொத்துக்கறி கொஞ்சம் தூவுவார்கள், பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். அதெல்லாம் அவர்களுக்குக் கறியில் சேர்த்தி இல்லை. அதனால் "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. கறி, மீன், சிப்பிச் சாறு, மிருகக் கொழுப்பு எதுவும் வேண்டாம், முட்டை சரி அல்லது முட்டையும் வேண்டாம் என்று விவரமாகச் சீன மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டச் சொல்லுங்கள். பெய்ஜிங்கில் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் பொரித்துப் புரட்டிய 'தீ சான் சியென்' என்ற உணவு எங்கும் கிடைக்கும், சோற்றுக்கு நன்றாகச் சேரும். சியானில் 'லியாங் பீ', அதாவது மிளகாய் எண்ணெயும் காடியும் ஊற்றிக் கலக்கிய குளிர்ந்த பட்டை நூடுல்ஸ். நம் நாக்குக்குப் பிடித்துப்போகும். முஸ்லிம் தெருவில் நீங்கள் ஆட்டுக்கறி ரொட்டி சாப்பிடும்போது அவர் லியாங் பீயும் சீமைப் பனிச்சைப் பழ இனிப்பு வடையும் சாப்பிடலாம். பெரிய பௌத்தக் கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் இருக்கும், அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நாளுக்கு ஒரு வேளை அங்கே என்று வைத்துக்கொண்டால் அவர் நிம்மதியாக இருப்பார்.

இப்போது சுவான்சோ. ஃபூஜியான் மாகாணத்துக் கடற்கரை ஊர். சியானிலிருந்து விமானத்தில் ஷியாமென் போய், அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சோங், யுவான் வம்ச காலங்களில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு வணிகர்கள் சைத்தூன் என்று அழைத்தது இதைத்தான். மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், இபின் பதூதா எழுதியிருக்கிறார். 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள், சிவன் கோயில் கட்டினார்கள். இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் திருமேனி நன்றாக இருக்க வேண்டும் என்று, அந்தக் கானின் ஆணையின் பேரில் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கடைசி வரி மட்டும் சீன எழுத்து. அப்போது ஆட்சியில் இருந்தவர் குப்லாய் கான், கல்வெட்டு சொல்லும் செகசை கான் அவர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு மங்கோலியப் பேரரசரின் நலனுக்காகச் சீனத் துறைமுகத்தில் ஒரு தமிழர் சிவனை வைத்து வேண்டியிருக்கிறார். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போனதைச் சீன வரலாற்று ஏடுகளே பதிந்திருக்கின்றன. அந்தக் கடல் வழி சோழர்களுக்குப் பிறகும் அறுந்துபோகவில்லை என்பதற்குச் சுவான்சோக் கற்கள் சாட்சி.

அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. ஆனால் அதன் கற்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. மேற்குத் தெருவில் இருக்கும் கையுவான் கோயிலுக்குப் போங்கள். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில், நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிய மண்டபத்தின் முன்னால் எல்லாரும் ஊதுவத்தி பிடித்து வணங்குவார்கள். மண்டப மேடையின் அடிவரிசையைப் பாருங்கள், மனிதத் தலையும் சிங்க உடலுமாகப் பச்சைக் கல்லில் செதுக்கிய பலகைகள் ஓடும். அப்படியே மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு வந்தால் இரண்டு கருங்கல் தூண்கள். மற்றத் தூண்களோடு சேராதவை என்று தூரத்திலேயே தெரியும், பட்டை தீட்டி, இடையிடையே சதுரம் விட்டு, சதுரத்துக்குள் வட்டம் வட்டமாகச் சிற்பம். ஒரு வட்டத்தில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கிறார். இன்னொன்றில் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே குழந்தைக் கண்ணன். கும்பகோணத்துப் பக்கம் தூண் தூணாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம், பார்த்ததும் தெரியும். நானும் என் நண்பரும் நின்றுகொண்டிருந்தபோது ஒரு சீனத் தம்பதியர் வந்து, நாங்கள் ஏன் இவ்வளவு நேரம் அந்தத் தூணையே பார்க்கிறோம் என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டார்கள். நரசிம்மர் கதையை அதே போன் வழியாகச் சொல்லி முடிப்பதற்குள் எங்களைச் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சீனாவில் நான் செலவழித்த நேரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அதே வளாகத்தில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்றாக இரண்டு கற்கோபுரங்கள், 13ஆம் நூற்றாண்டு. மேற்குக் கோபுரத்துச் சிற்பங்களில் வாளேந்திய குரங்கு வீரன் ஒருவன் இருக்கிறான், 1237இல் செதுக்கியது. பின்னாளில் சுவான்சாங் பயணக் கதைகளில் அவருக்குத் துணையாக வரும் குரங்கின் பழைய வடிவம் இது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அனுமனின் சாயல் அதில் உண்டா இல்லையா என்று பழைய விவாதம் ஒன்று இருக்கிறது, உங்கள் நண்பர் இரவு முழுக்கப் பேசுவார். உங்கள் கேமராவில் நல்ல ஜூம் இருக்கட்டும். 1974இல் கடற்சேற்றிலிருந்து எடுத்த சோங் காலத்து மரக்கலம் ஒன்றும் அந்த வளாகத்திலேயே தனிக் கூடத்தில் இருக்கிறது. அதில் வாசனை மரமும் மிளகும் கிடைத்தன.

அடுத்த நாள் கடல்சார் அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை என்பதால் கிழமை பார்த்துப் போங்கள். சிவலிங்கத்தை யானை வழிபடும் புடைப்புச் சிற்பம் அங்கே உண்டு. திருவானைக்கா தலபுராணத்தை நினைக்காமல் அதைக் கடக்க முடியாது. அதே கட்டடத்தில் அரபு எழுத்துக் கல்லறைக் கற்கள், சிலுவையும் தாமரையும் சேர்ந்த கிறித்தவக் கற்கள். ஒரே துறைமுகத்தில் இத்தனை பேர் வாழ்ந்து, இறந்து, தங்கள் எழுத்தைக் கல்லில் விட்டுப் போயிருக்கிறார்கள். ஊர் நடுவே 1009இல் கட்டிய பள்ளிவாசலும், அதை ஒட்டியே, சீனர்கள் தெய்வமாக வணங்கும் பழங்காலப் படைத்தலைவர் குவான் தேவனின் கோயிலும் இருக்கின்றன. உங்களுக்குப் படம் வேண்டுமென்றால் ஷுன்பூ மீனவர் கிராமம் போங்கள். பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூச்சூடுவார்கள். சிப்பி ஓடுகளைச் சுவரில் பதித்த பழைய வீடுகள் பின்னணியில் நிற்கும்.

கையில் இருக்க வேண்டியவை. சீனாவில் பணத்தாள் ஏறக்குறைய மறைந்துவிட்டது, எல்லாம் போன்தான். பணம் கட்ட உதவும் அலிபே, வீசாட் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பு முடித்து, உங்கள் கார்டைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒருவர் போனை மட்டும் நம்பிப் போனால் அது அணைந்த நிமிடம் இரண்டு பேருக்கும் மெட்ரோவும் இல்லை, டாக்சியும் இல்லை, சாப்பாடும் இல்லை. கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யாது. இந்திய எண்ணின் ரோமிங்கோ வெளிநாட்டுப் பயண இ-சிம்மோ போட்டால் வேலை செய்யும். பவர் பேங்க் விஷயத்தில் கவனம்: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் '3சி' என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை விடுவதில்லை. நம்மூரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது. பெய்ஜிங்கில் இறங்கியதும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பத்து நாளில் அரை நாளாவது பிரிந்து சுற்றுங்கள். சியானில் ஒரு பிற்பகல் அதற்குத் தோதானது. அவர் ஷான்ஷி அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், நீங்கள் மதிலுக்குள் இருக்கும் சந்துகளில் கேமராவோடு நடந்துகொண்டிருங்கள். இரவு சாப்பாட்டில் சொல்லிக்கொள்ள ஆளுக்கு ஒரு கதை இருக்கும்.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் விசா, சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது, டெல்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள், அவ்வளவுதான். அதனால் இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். விமானத்தைப் போக பெய்ஜிங், திரும்ப ஷியாமென் என்று போடுங்கள். பெய்ஜிங்குக்கே திரும்பி வருவது வீண் அலைச்சல், ஷியாமென்னிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக வந்துவிடலாம். அறை பதியும்போது வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு கட்டில் அறை என்று குறிப்பிட்டுப் பதியுங்கள். ரயில் டிக்கெட் விற்பனை பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் திறக்கும், அன்றைக்கே வாங்குங்கள். அரண்மனைக்கு ஏழு நாள் முன்னால், மாலை ஐந்தரைக்கு, இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.